ஏழு ஸ்கூலும் உங்க ப்ராக்டிகல் ரெக்கார்ட்லயே இருக்கு

முதல் வருஷம் பிஎஸ்சி சைக்காலஜி படிக்கிற ஒரு தம்பி கேட்டிருக்காரு. ஸ்ட்ரக்சரலிசம், ஃபங்ஷனலிசம், சைக்கோஅனாலிசிஸ், பிஹேவியரிசம், கெஸ்டால்ட், ஹியூமனிஸ்டிக், காக்னிட்டிவ்னு ஏழு ஸ்கூலை, அதாவது ஏழு சிந்தனை மரபை மனப்பாடம் பண்றேன், ஒவ்வொண்ணும் முந்தினதை தப்புன்னு சொல்லுது, அப்போ எதுதான் சரி, தப்பானதை எல்லாம் எதுக்கு படிக்கணும், கிளினிக்கல் சோஷியல் டெவலப்மென்டல்னு பிரிச்சு வச்சிருக்கிறதுக்கும் இந்த ஸ்கூலுக்கும் என்ன சம்பந்தம்னு.

தம்பி, இருபது வருஷத்துக்கு மேல சைக்காலஜி ப்ராக்டிகல் எடுத்திருக்கேன், இந்த கேள்வியை வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் கேப்பாங்க, கேக்குறவங்கதான் நல்லா படிச்சு வருவாங்க. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல உங்க ப்ராக்டிகல் ரெக்கார்டை எடுத்து பக்கத்துல வச்சுக்கோங்க. நம்ம பக்கம் நிறைய காலேஜ்ல ஒவ்வொரு எக்ஸ்பெரிமென்ட் முடிவுலயும் "இன்ட்ரோஸ்பெக்டிவ் ரிப்போர்ட்"னு ஒரு தலைப்பு போட்டு சப்ஜெக்ட் தனக்கு என்ன தோணுச்சுன்னு சொன்னதை எழுதுவோம், அதுக்கு பக்கத்துலயே "பிஹேவியரல் அப்சர்வேஷன்"னு இன்னொரு தலைப்பு, அதுல நாம வெளியில இருந்து பார்த்ததை எழுதுவோம். அந்த ரெண்டு தலைப்பும் ஒரே பக்கத்துல அமைதியா உக்காந்திருக்கு, ஆனா ஒரு காலத்துல அது ரெண்டும் பரம எதிரி. மனசை பத்தி தெரிஞ்சுக்கணும்னா யாரோட சாட்சியை நம்பலாம், அந்த ஆளே உள்ள பார்த்து சொல்றதையா, இல்ல அவர் செய்றதையா, இல்ல அவருக்கே தெரியாம வாயில வர்றதையா? ஏழு ஸ்கூலும் அடிச்சுக்கிட்டது இந்த ஒரு விஷயத்துக்குதான். இதை பிடிச்சுக்கிட்டீங்கன்னா மனப்பாடமே தேவைப்படாது.

1786ல காண்ட்னு ஜெர்மன் தத்துவவாதி, மனசை அளக்க முடியாது, கணக்குக்குள்ள கொண்டு வர முடியாது, அதனால அது முறையான அறிவியலாவே ஆகாதுன்னு எழுதிட்டாரு. அவ்வளவு பெரிய ஆள் சொன்னதால ரொம்ப காலம் நிறைய பேர் அந்த பக்கம் போகல. அதை உடைச்சது தத்துவம் படிச்சவங்க இல்ல, உடம்பை அளந்தவங்க. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850 வாக்குல தவளை நரம்புல சிக்னல் எவ்வளவு வேகமா போகுதுன்னு அளந்தாரு, வினாடிக்கு சுமார் 27 மீட்டர்னு வந்துச்சு, அதுவரைக்கும் அது மின்னல் மாதிரி கண்ணிமைக்கிற நேரத்துல நடந்துடும், அளக்கவே முடியாதுன்னு அவரோட வாத்தியாரே நினைச்சிருந்தாரு. ஜெர்மனியில லைப்சிக்ல வெபர் ஒரு காம்பஸை எடுத்து தோல் மேல ரெண்டு முனையையும் வச்சு, எவ்வளவு தள்ளி வச்சா ரெண்டுன்னு தெரியுது, எப்போ ஒண்ணா தெரியுதுன்னு பார்த்தாரு. உங்க ரெக்கார்ட்ல ஏஸ்தீசியோமீட்டர் வச்சு டூ பாயின்ட் த்ரெஷோல்ட் பண்ணியிருப்பீங்களே, அதேதான். வெயிட் தூக்கி பார்க்குற எக்ஸ்பெரிமென்டும் அவரோடதுதான், கையில ஒரு கிலோ இருக்கப்போ கொஞ்சூண்டு சேர்த்தா தெரியவே தெரியாது, ஐம்பது கிராம் இருக்கப்போ அதே கொஞ்சூண்டு டக்குனு தெரியும், அந்த விகிதத்தை பிடிச்சு ஃபெக்னர் 1860ல ஒரு சமன்பாடாவே ஆக்கிட்டாரு. வெளியில இருக்கிற பொருளோட அளவும் உள்ள தோணுற அளவும் ஒரு கணக்குல கட்டுப்படுதுன்னு முதல் தடவையா காட்டினது அதுதான். எனக்கு இன்னைக்கும் அந்த வெயிட் பாக்ஸை திறக்கும்போது ஒரு மரியாதை வரும்.

இதுக்கெல்லாம் ஒரு வீடு கட்டினது வில்ஹெல்ம் வுண்ட், 1879, லைப்சிக் யுனிவர்சிட்டி. சைக்காலஜி பிறந்த வருஷம்னு எக்ஸாம்ல எழுதுறது இதைத்தான். வுண்ட் இன்ட்ரோஸ்பெக்ஷன் பண்ணாருன்னு ஒரே வரியில எழுதிட்டு போயிடுறாங்க, ஆனா அவர் கண்ணை மூடி உக்காந்து யோசிக்க சொல்லல, ஒரு சத்தத்தையோ வெளிச்சத்தையோ திரும்பத் திரும்ப ஒரே அளவுல கொடுத்து, பழகின ஆளை வச்சு, அந்த நிமிஷம் என்ன உணர்ந்தேன்னு மட்டும் சொல்ல வைக்கிறது, கூடவே ரியாக்ஷன் டைமை அளக்கிறது. சிந்தனை, மொழி, மதம் மாதிரி பெரிய விஷயத்தை லேப்ல பிடிக்க முடியாதுன்னு அவரே சொன்னாரு, அதுக்கு தனியா பத்து வால்யூம் எழுதினாரு, சமூகமா மனுஷன் உருவாக்குன விஷயங்களை வச்சு. அந்த பாதி புக்ல வர்றதே இல்ல, அது எனக்கு ரொம்ப நாளா வருத்தம்.

ஸ்ட்ரக்சரலிசம்ங்கிற பேரோட நீங்க படிக்கிறது பெரும்பாலும் வுண்ட்டோட மாணவர் டிட்ச்னர் அமெரிக்காவுல கார்னெல்ல போய் பண்ணது. கெமிஸ்ட்ரியில எலமென்ட் மாதிரி மனசுக்கும் எலமென்ட் இருக்கணும், பழகின ஆளை வச்சு உள்ள பார்த்து பார்த்து லிஸ்ட் போட்டா வந்துடும்னு நம்பினாரு, நாற்பதாயிரத்துக்கு மேல உணர்வுகளை எண்ணினாரு. அவருக்கு கீழ முதல்ல டாக்டரேட் வாங்கினது மார்கரெட் வாஷ்பர்ன், 1894, சைக்காலஜியில டாக்டரேட் வாங்கின முதல் பெண். ஆனா டிட்ச்னர் பின்னாடி ஆரம்பிச்ச ஆராய்ச்சியாளர் கூட்டத்துக்குள்ள பெண்களை விடவே இல்ல.

இப்போ சண்டை ஆரம்பிக்குது. வுண்ட்டோட இன்னொரு மாணவர் க்யூல்பே, வ்யூர்ட்ஸ்பர்க்ல லேப் நடத்தினாரு. அங்க சப்ஜெக்டை ரெண்டு வெயிட்டை தூக்க வச்சு எது கனம்னு கேட்டாங்க, சரியா சொன்னாங்க, எப்படி முடிவு பண்ணேன்னு கேட்டா தெரியல சார், அப்படியே வந்துச்சுங்கறாங்க, மனசுல எந்த படமும் இல்ல, உணர்வும் இல்ல, முடிவு மட்டும் இருக்கு. படம் இல்லாமலே சிந்தனை இருக்குன்னு அவங்க சொல்ல, டிட்ச்னர் இல்லவே இல்ல, என் ஆளுங்க பார்த்தா மெல்லிசா ஒரு உணர்வு இருக்குன்னு சொல்றாங்க, உங்க ஆளுங்களுக்கு பயிற்சி பத்தலைன்னுட்டாரு. யார் சரின்னு எப்படி தீர்ப்பு சொல்றது? ஒருத்தர் மனசுக்குள்ள இன்னொருத்தர் போய் பார்க்க முடியாதே. வருஷக்கணக்கா இழுத்துச்சு, தீரவே இல்ல.

ஜான் வாட்சன் 1913ல எழுதுன கட்டுரை இந்த இடத்துலதான் வெடிக்குது. மத்த அறிவியல்ல ரிசல்ட் வரலைன்னா கருவியை குறை சொல்லுவாங்க, இங்க மட்டும் ஆளுக்கு பயிற்சி பத்தலைன்னு சொல்லி தப்பிச்சுக்கிறீங்கன்னு நேராவே எழுதினாரு. அதனால உள்ள இருந்து வர்ற சாட்சியே வேண்டாம், வெளிய தெரியுறது போதும், தூண்டுதல் என்ன, அதுக்கு என்ன செஞ்சான், அவ்வளவுதான், பிஹேவியரிசம்னு சொல்றது இதைத்தான். உங்க ரெக்கார்ட்ல ரெண்டாவது தலைப்பு வந்த கதை இது. படிக்கிறப்போ வாட்சன் ஏதோ மனசே இல்லைன்னு சொன்ன முரட்டு ஆள் மாதிரி தெரியும், ஆனா முன்னாடி நடந்த அந்த வெயிட் தூக்குற சண்டை தெரிஞ்சா அவரோட கோபத்துல நியாயம் இருக்குன்னு புரியும்.

நடுவுல ஃபங்ஷனலிசத்தை விட்டுட்டேன். வில்லியம் ஜேம்ஸ், ஹார்வர்ட், பன்னெண்டு வருஷம் எடுத்து 1890ல ஒரு பெரிய புத்தகம் கொண்டு வந்தாரு. டார்வின் படிச்சவங்க இந்த ஃபங்ஷனலிஸ்டுங்க, அதனால மனசு எதனால ஆனதுன்னு கேக்காம, அது எதுக்கு உதவுது, உயிர் பிழைக்க என்ன பண்ணுதுன்னு கேட்டாங்க. இது தனி ஸ்கூலா ரொம்ப நாள் நிக்கல, ஆனா ஸ்கூல் பிள்ளைங்க, தொழிற்சாலை, விலங்குன்னு லேபுக்கு வெளிய போக கதவை திறந்து விட்டது இவங்கதான். ஜேம்ஸோட மாணவர் தார்ன்டைக் பூனையை பெட்டிக்குள்ள விட்டு அது தட்டுத்தடுமாறி வெளிய வர்ற நேரத்தை 1898ல அளந்து வெளியிட்டாரு, ட்ரயல் அண்ட் எரர் லேர்னிங்னு நீங்க பண்றதுக்கு மூலம் அது.

பிஹேவியரிசத்தை பத்தி கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா இதுல நல்லதும் கெட்டதும் ரொம்ப பக்கத்துல பக்கத்துல இருக்கு. பாவ்லோவ் சைக்காலஜிஸ்டே கிடையாது, ஜீரணத்தை ஆராய்ச்சி பண்ணி 1904ல நோபல் வாங்கின ஆள், நாய்க்கு சாப்பாடு வர்றதுக்கு முன்னாடியே எச்சில் ஊறுறதை கவனிச்சாரு. வாட்சன் அதை மனுஷக் குழந்தை மேல போட்டு பார்த்தாரு, 1920, ஆல்பர்ட்டுன்னு பேர் வச்ச ஒரு பதினோரு மாசக் குழந்தை, வெள்ளை எலியை கண்டா பயமே இல்லாம தொட்டு விளையாடுன குழந்தை, அது எலியை தொடுறப்பல்லாம் பின்னாடி இரும்புக் கம்பியை சுத்தியலால அடிச்சு பயமுறுத்தினாங்க, கடைசியில எலியை மட்டும் பார்த்தாலே அழ ஆரம்பிச்சுச்சு, முயலை பார்த்தும் ரோமக் கோட்டை பார்த்தும் அழுதுச்சு. அந்த பயத்தை எடுக்காமலே குழந்தையை அனுப்பிட்டாங்க. வகுப்புல இதை சொல்லும்போது நான் எப்பவும் அடுத்த கதையையும் சேர்த்தே சொல்லுவேன், நிறைய சிலபஸ்ல அது விட்டுப்போயிருக்கும். நாலு வருஷம் கழிச்சு 1924ல மேரி கவர் ஜோன்ஸ் பீட்டர்னு ஒரு சின்னப் பையனை பார்த்தாங்க, முயலுன்னா அவனுக்கு பயம். அவனுக்கு பிடிச்ச சாப்பாட்டை கொடுத்துக்கிட்டே முயலை தூரத்துல வச்சு, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமா கிட்ட கொண்டு வந்து, கடைசியில அவன் முயலை தடவிக் கொடுக்குற அளவுக்கு கொண்டு வந்துட்டாங்க. இன்னைக்கு லிஃப்ட் பயம், நாய் பயம், ஊசி பயம்னு வர்றவங்களுக்கு கொடுக்குற எக்ஸ்போஷர் தெரபிக்கு வேர் அந்த முயல்தான். அதே கொள்கை, ஒருத்தர் கையில பயத்தை உண்டாக்குச்சு, இன்னொருத்தர் கையில பயத்தை எடுத்துச்சு.

அப்புறம் ஸ்கின்னர், பரிசும் அதுக்கான நேரமும்தான் நடத்தையை உருவாக்குதுன்னு புறாவையும் எலியையும் வச்சு ரொம்ப துல்லியமா காட்டினாரு. ஸ்பெஷல் ஸ்கூல்ல குழந்தைங்களுக்கு ஒரு வேலையை சின்ன சின்ன படியா பிரிச்சு சொல்லித் தர்றாங்களே, அதுல பாதி இவர் கொடுத்தது.

ஆனா பிஹேவியரிசம் உடைஞ்சதும் எலியாலதான், அதுதான் எனக்கு இந்த வரலாறுலயே ரொம்ப பிடிச்ச இடம். டோல்மனும் ஹான்சிக்கும் 1930ல மூணு குரூப் எலியை மேஸ்ல, அதாவது சுத்தி சுத்தி வழி கண்டுபிடிக்க வேண்டிய பாதையில விட்டாங்க. ஒரு குரூப்புக்கு தினமும் கடைசியில சாப்பாடு, ஒரு குரூப்புக்கு சாப்பாடே இல்ல, மூணாவது குரூப்புக்கு பத்து நாள் ஒண்ணும் இல்லாம பதினோராவது நாள்ல இருந்து சாப்பாடு. பரிசு இருந்தாதான் கத்துக்கும்னா மூணாவது குரூப் பதினோராவது நாள்ல இருந்துதானே மெதுவா கத்துக்கணும்? ஆனா பன்னெண்டாவது நாளே தப்பு சரசரன்னு குறைஞ்சு முதல் குரூப் அளவுக்கு வந்துடுச்சு. அப்படின்னா அந்த பத்து நாளும் அதுங்க சும்மா சுத்தல, உள்ள ஒரு மேப் போட்டுக்கிட்டே இருந்திருக்கு, காட்ட காரணம் இல்லாததால காட்டல. உள்ளே எதையும் பேசக்கூடாதுன்னு சொன்ன கூட்டத்துக்குள்ளயே, நடத்தையை மட்டும் அளந்தே, உள்ளே ஒண்ணு இருக்குன்னு நிரூபிச்சுட்டாரு.

காக்னிட்டிவ் புரட்சின்னு சொல்றது இதோட தொடர்ச்சிதான். 1956 செப்டம்பர் 11 எம்ஐடியில ஒரு கூட்டம், அங்க ஜார்ஜ் மில்லர், நியூவெல், சைமன், சாம்ஸ்கி எல்லாம் ஒரே நாள்ல பேசினாங்க, ஒருத்தர் ஞாபகத்தோட கொள்ளளவு, ஒருத்தர் மொழி, ரெண்டு பேர் கம்ப்யூட்டரே தர்க்க நிரூபணம் போடுறது. மூணு வருஷம் கழிச்சு 1959ல சாம்ஸ்கி, ஸ்கின்னர் மொழியை பத்தி எழுதின புத்தகத்தை விமர்சிச்சாரு, குழந்தை அதுவரை கேக்காத வாக்கியத்தை எப்படி சொல்லுது, பரிசு கொடுத்தா கத்துக்கிச்சுங்கறது போதாதுன்னு. இவங்க வாட்சன்கிட்ட இருந்து வெளிய இருந்து அளக்கிற கட்டுப்பாட்டை எடுத்துக்கிட்டாங்க, வுண்ட்கிட்ட இருந்து உள்ள என்ன நடக்குதுங்கிற கேள்வியை எடுத்துக்கிட்டாங்க. எத்தனை மில்லிசெகண்ட் ஆச்சு, எந்த இடத்துல தப்பு பண்ணாங்க, அதுதான் இப்போ சாட்சி. ஸ்பேன் ஆஃப் மெமரின்னு எண்களை படிச்சு சொல்ல வைப்பீங்க, ஏழுங்கிற எண்ணை ஒட்டி வரும், அது மில்லர் 1956ல எழுதினது, இப்போ குழுவா சேர்த்து வச்சுக்கிற வசதி இல்லைன்னா நாலை ஒட்டித்தான் வரும்னு சொல்றாங்க.

ஞாபகம்னு வந்தப்புறம் எபிங்ஹவுஸை சொல்லாம போக முடியாது. மெமரி ட்ரம்ல அர்த்தமில்லாத எழுத்துக்கூட்டு ஓடுமே, அது அவர் கண்டுபிடிச்சது. சுமார் 2,300 அசை எழுதி வச்சு, வேற யாரும் இல்ல, தானே சப்ஜெக்ட், தானே மனப்பாடம் பண்ணி, தானே மறந்து, மறுபடி படிக்க எவ்வளவு நேரம் மிச்சமாகுதுன்னு அளந்து 1885ல புக் போட்டாரு. இருபது நிமிஷத்துல மிச்சம் 58 சதவீதம், ஒரு நாள்ல 34, ஒரு மாசத்துல 21. கவனிச்சீங்களா, முதல் நாள்ல சரிஞ்சது போல அடுத்த முப்பது நாள்ல சரியல. எக்ஸாமுக்கு முதல் நாள் ராத்திரி மட்டும் படிக்கிறவங்களுக்கு நான் இந்த எண்களைத்தான் போர்ட்ல எழுதிப் போடுவேன்.

இனி ஃப்ராய்ட், அவரோட சைக்கோஅனாலிசிஸ். இந்த கணக்குக்குள்ள அவர் வரவே மாட்டாரு, ஏன்னா அவரோட கொள்கை லேப்ல இருந்து வரல, வியன்னாவுல நோயாளிங்க கிட்ட இருந்து வந்துச்சு. ஆள் சொல்றதையும் நம்ப முடியாது, செய்றதும் பாதி மூடி மறைச்சதுதான், அதனால கனவு, வாய் தவறி வர்ற வார்த்தை, ஞாபகம் வராம போற பேர், இதுல பாருங்கன்னாரு. பிரச்சனை என்னன்னா ஆமான்னு சொன்னாலும் கொள்கை சரி, இல்லைன்னு மறுத்தாலும் எதிர்ப்பு காட்டுறாரு அதனால கொள்கை சரின்னு ஆயிடும், தப்புன்னு நிரூபிக்க வழியே இல்லாத சாட்சி அது. அதனால ஆராய்ச்சி உலகம் அவரோட பெரும்பாலான விளக்கத்தை விட்டுடுச்சு. ஆனா ஒரு மனுஷனை உக்கார வச்சு மணிக்கணக்கா குறுக்கிடாம கேட்டா அதுவே வைத்தியம்ங்கிறதும், நமக்குத் தெரியாமலே மனசு நிறைய வேலை பண்ணுதுங்கிறதும் இருக்கு, போகல. யுங் இந்த ரெண்டு உலகத்தையும் சேர்த்து பார்த்த ஆள், ஜூரிச்ல ஒரு வார்த்தை சொல்லி பதிலுக்கு என்ன தோணுதுன்னு கேட்டு ஸ்டாப்வாட்ச்ல நேரம் பார்த்தாரு, எந்த வார்த்தைக்கு ஆள் தடுமாறுறாரோ அங்க ஏதோ இருக்குன்னு. உங்க வேர்ட் அசோசியேஷன் டெஸ்ட் அதுதான், லைப்சிக் கடிகாரமும் வியன்னா கேள்வியும் சேர்ந்தது.

நம்ம நாட்டுல இது வந்த கதையையும் இங்கயே சொல்லிடுறேன். வுண்ட்டோட மாணவர் ம்யூன்ஸ்டர்பெர்க், அவரை ஜேம்ஸ் ஹார்வர்டுக்கு கூப்பிட்டாரு, அங்க அவர்கிட்ட படிச்ச நரேந்திரநாத் சென்குப்தா கல்கத்தா யுனிவர்சிட்டியில 1916ல சைக்காலஜி டிபார்ட்மென்டை ஆரம்பிச்சாரு, இந்தியாவுல முதல். அதனால லைப்சிக்ல இருந்து உங்க காலேஜ் லேப் வரைக்கும் ஒரு குரு சிஷ்ய வரிசை நேராவே வருது. அதே கல்கத்தாவுல டாக்டர் கிரிந்திரசேகர் போஸ், வங்காளத்துலயே உக்காந்து நோயாளிங்களை பார்த்து தன் கொள்கையை உருவாக்கி, 1922ல இந்திய சைக்கோஅனாலிட்டிக் சொசைட்டியை ஆரம்பிச்சு, ஃப்ராய்ட் கூட பல வருஷம் கடிதம் எழுதினாரு, என் நோயாளிங்க நீங்க சொல்ற மாதிரியே இல்லைன்னு மரியாதையா மறுத்தும் எழுதினாரு. 1931ல ஃப்ராய்டுக்கு 75 வயசானப்போ இங்கிருந்து தந்தத்துல ஒரு விஷ்ணு சிலை போச்சு. மைசூர்ல 1924ல டிபார்ட்மென்ட் வந்துச்சு, ஆரம்பிச்சவர் கோபாலசுவாமி, லண்டன்ல ஸ்பியர்மன்கிட்ட படிச்சவர், அவர்தான் பின்னாடி மைசூர்ல ஆகாஷ்வாணிங்கிற ரேடியோ ஸ்டேஷனை ஆரம்பிச்சாரு.

கெஸ்டால்ட்டை, அதாவது பகுதியை விட முழு வடிவத்தை பார்க்கணும்னு சொன்ன ஸ்கூலை, பாட புக்ல ப்ராக்ஸிமிட்டி, சிமிலாரிட்டின்னு புள்ளி படம் போட்டு ரெண்டு பக்கத்துல முடிச்சுடுவாங்க. வெர்த்தைமர் 1912ல ரெண்டு விளக்கை மாத்தி மாத்தி ஏத்தினா ஒரு விளக்கு நகர்ற மாதிரி தெரியுதுன்னு காட்டினாரு, நகர்றதே அங்க இல்ல, டிட்ச்னர் மாதிரி எலமென்டா பிரிச்சா அந்த நகர்வு எதுலயும் கிடைக்காது. பாட்டுக்கு சுருதியை மாத்தினாலும் அதே பாட்டுதான்னு காதுக்கு தெரியுதே, எல்லா ஸ்வரமும் வேற ஆயிடுச்சே, அப்போ பாட்டு எங்க இருக்கு, அதுதான் அவங்க கேள்வி. 1933ல ஹிட்லர் வந்ததும் இவங்க கிட்டத்தட்ட எல்லாரும் ஜெர்மனியை விட்டு கிளம்ப வேண்டியதாச்சு. யூத பேராசிரியர்களை வேலையை விட்டு எடுத்ததை எதிர்த்து பத்திரிகையில எழுதின கோலர், இவங்கள்ல ஒருத்தர், யூதர் இல்ல, அப்படியும் எழுதினாரு, 1935ல அவரும் போயிட்டாரு. இந்த அகதிங்கதான் அமெரிக்காவுல சோஷியல் சைக்காலஜிக்கு உயிர் கொடுத்தாங்க. ஸிகார்னிக் எஃபெக்ட் பண்ணுவீங்களே, பாதியில நிறுத்தின வேலை நல்லா ஞாபகம் இருக்குதான்னு, அந்த ப்ளூமா ஸிகார்னிக் பெர்லின்ல கெஸ்டால்ட் கூட்டத்தைச் சேர்ந்த லெவினோட மாணவி, 1927ல வெளியிட்டாங்க, பின்னாடி திரும்ப செஞ்சு பார்த்தவங்களுக்கு ரிசல்ட் ஒரே மாதிரி வரல, உங்களுக்கும் வராம போகலாம், வராததை வரலைன்னே எழுதுங்க. லெவின் குழு எப்படி இயங்குதுன்னு பார்த்தாரு. வெர்த்தைமரால ஈர்க்கப்பட்ட ஆஷ், கோடு நீளத்தை எல்லாரும் தப்பா சொன்னா ஒருத்தர் என்ன பண்ணுவாருன்னு பார்த்தாரு. ஆஷ்கிட்ட வேலை பார்த்த மில்க்ராம் 1963ல ஷாக் கொடுக்க சொன்னா எவ்வளவு தூரம் போவாங்கன்னு வெளியிட்டாரு, 40 பேர்ல 26 பேர் கடைசி வரைக்கும் போனாங்க. ஆஷ்ல இருந்து மில்க்ராம் வரைக்கும் அடியில ஓடுறது அந்த பழைய கெஸ்டால்ட் யோசனைதான், மனுஷனை தனியா பிரிச்சு வச்சா புரியாது, எந்த சூழ்நிலைக்குள்ள நிக்கிறான்னு பாருங்கன்னு.

ஹியூமனிஸ்டிக்கை சீக்கிரம் சொல்லிடுறேன். மாஸ்லோ, கார்ல் ராஜர்ஸ், மனுஷனை எலியாவும் நோயாளியாவும் மட்டும் பார்க்காதீங்கன்னாங்க. அந்த பிரமிட் படத்தை மாஸ்லோ வரையவே இல்ல, பின்னாடி வேற ஆளுங்க வரைஞ்சது. ராஜர்ஸ்தான் இதுல எனக்கு முக்கியம், கவுன்சிலிங் செஷனை ரெக்கார்ட் பண்ணி, வார்த்தை வார்த்தையா எழுதி, எது உதவுதுன்னு ஆராய்ச்சிக்கு திறந்து விட்டவர் அவரு.

ரெக்கார்ட்ல இன்னும் மூணு பக்கம் இருக்கு. ஒண்ணு மிரர் டிராயிங், கண்ணாடியில பார்த்து நட்சத்திரத்தை வரையறது, முதல் தடவை பென்சில் எங்கெங்கயோ போகும். பிரென்டா மில்னர் அதை ஹென்றி மொலைசன்னு ஒருத்தர்கிட்ட கொடுத்தாங்க. அவருக்கு வலிப்புக்காக 1953ல, 27 வயசுல, மூளையோட ரெண்டு பக்கத்துலயும் ஹிப்போகாம்பஸ் பகுதியை எடுத்திருந்தாங்க, வலிப்பு குறைஞ்சுச்சு, ஆனா அதுக்கப்புறம் புதுசா எந்த நிகழ்ச்சியும் ஞாபகத்துல தங்கல, மில்னர் ரூமை விட்டு போயிட்டு திரும்பி வந்தா அவங்க யாருன்னு அவருக்கு தெரியாது. மூணு நாள் நட்சத்திரம் வரைஞ்சாரு, நாளுக்கு நாள் தப்பு குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, ஆனா மூணாவது நாளும் இதை நான் முன்னாடி செஞ்சதே இல்லைன்னுதான் நம்பினாரு. கை ஞாபகம் வச்சிருக்கு, அவருக்கு ஞாபகம் இல்ல. ஞாபகம்ங்கிறது ஒண்ணு இல்ல பலதுன்னு உலகத்துக்கு காட்டின பென்சில் கோடு அது. நியூரோசைக்காலஜின்னு ஒரு பிரிவு எதுக்குன்னு கேட்டா நான் இதைத்தான் சொல்லுவேன். சென்னை ஸ்டான்லியில டாக்டருக்கு படிச்ச வி. எஸ். ராமச்சந்திரன் பின்னாடி அமெரிக்காவுல, கை போனவங்களுக்கு இல்லாத கையில வர்ற வலியை ஒரு சாதாரண கண்ணாடிப் பெட்டி வச்சு ஆராய்ஞ்சதும் இதே மரபுதான்.

ரெண்டாவது, முல்லர் லயர் இல்யூஷன், ஒரே நீளம் உள்ள ரெண்டு கோடு, முனையில வச்ச அம்புக்குறியால ஒண்ணு நீளமா தெரியும். 1889ல வந்தது. இதை மனுஷங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரியும்னு நினைப்போம். கேம்பிரிட்ஜ்ல இருந்து வந்த ரிவர்ஸ், முதல்ல ஆஸ்திரேலியா பக்கம் டாரஸ் ஸ்ட்ரெய்ட் தீவுகள்ல பார்த்துட்டு, 1901, 1902ல நம்ம நீலகிரியில தோடர்கள்கிட்ட தங்கி இதையும் சேர்த்து நிறைய புலன் சோதனை பண்ணாரு, 1905ல வெளியிட்டாரு. இங்கிலாந்து ஆளுங்களை விட தோடர்கள் இந்த கோட்டுல கம்மியாத்தான் ஏமாந்தாங்க. ஊட்டிக்கு மேல ஒரு மந்துல, அதாவது தோடர் குடியிருப்புல, நூறு வருஷத்துக்கு முன்னாடி கிடைச்ச அந்த ரிசல்ட்டை சைக்காலஜி சரியா காதுல வாங்கியிருந்தா எவ்வளவோ தப்பு குறைஞ்சிருக்கும். 2010ல ஹென்ரிக்கும் கூட ரெண்டு பேரும் எழுதினாங்க, நம்ம ஆராய்ச்சியில வர்ற சப்ஜெக்ட் பெரும்பாலும் மேற்கத்திய காலேஜ் பசங்க, அவங்களை வச்சு மனுஷ குலத்துக்கே முடிவு சொல்றோம்னு. கிராஸ் கல்ச்சுரல் சைக்காலஜி எக்ஸ்ட்ரா பாடம் மாதிரி கடைசி யூனிட்ல போடுறாங்க, என்னைக் கேட்டா முதல் யூனிட்ல வரணும்.

மூணாவது, பாட்டியா பேட்டரி, இன்டெலிஜென்ஸ் டெஸ்ட். பினே 1905ல பாரிஸ்ல பண்ணது பள்ளிக்கூடத்துல தடுமாறுற குழந்தைங்களை கண்டுபிடிச்சு உதவி பண்றதுக்கு, இது பிறவி அளவு இல்ல, மாத்தலாம்னு அவர் நம்பினாரு. அட்லாண்டிக் தாண்டினதும் அது தலைகீழா ஆச்சு, முதல் உலகப்போர்ல பதினேழு லட்சம் பேருக்கு மேல டெஸ்ட் வச்சு, இங்கிலீஷே சரியா தெரியாம அமெரிக்காவுக்கு வந்தவங்களை அறிவு கம்மின்னு முத்திரை குத்தினாங்க, அதை இனவாதிங்க பிடிச்சுக்கிட்டாங்க. பாட்டியா 1955ல படிக்காத பிள்ளைங்களுக்கும் வைக்கிற மாதிரி கட்டை, படம் வச்சு இந்திய சூழ்நிலைக்கு பண்ணது இந்த வரலாறை பார்த்தாதான் எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியும். ஒரு குழந்தைக்கு நம்பர் போடுறதுக்கு முன்னாடி இது ஞாபகம் இருக்கணும் தம்பி.

இப்போ உங்க மூணாவது கேள்வி, பிரிவுகள். ஸ்கூல்ங்கிறது எந்த சாட்சியை நம்புறதுங்கிற சண்டை, பிரிவுங்கிறது எந்த பிரச்சனைக்கு வேலை பார்க்கிறோம்ங்கிறது, அவ்வளவுதான். சண்டை ஓய்ஞ்சு போச்சு, ஆனா எல்லாரோட கருவியும் எல்லா பிரிவுக்குள்ளயும் கிடக்கு. டெவலப்மென்டல்ல பியாஜே குழந்தை பண்ற தப்பை சாட்சியா எடுத்தாரு, ஹார்லோ 1958ல குரங்குக் குட்டி பால் கொடுக்கிற கம்பி பொம்மையை விட்டுட்டு துணி பொம்மையைத்தான் கட்டிப்பிடிச்சுக்குதுன்னு காட்டினாரு. இன்டஸ்ட்ரியல் பக்கம் ம்யூன்ஸ்டர்பெர்க் ஆரம்பிச்சது. கிளினிக்கல்தான் எல்லாம் கலந்த இடம், சிபிடியை, அதாவது நினைப்பையும் நடத்தையையும் மாத்துற காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபியை எடுத்துக்கோங்க, ஆரன் பெக் சைக்கோஅனாலிஸ்ட்டா பயிற்சி எடுத்தவரு, டிப்ரஷன்ங்கிறது உள்பக்கம் திரும்பின கோபம்னு ஃப்ராய்ட் வழியில சொன்னதை நிரூபிக்கணும்னு நோயாளிங்களோட கனவை அளக்கப் போனாரு, கோபம் கிடைக்கல, தோத்துட்டேன் நான் எதுக்கும் லாயக்கில்லைங்கிற நினைப்புதான் கிடைச்சுச்சு. தன் கொள்கைக்கு எதிரா வந்த அந்த ரிசல்ட்டை அவர் மறைக்காததால ஒரு வைத்தியமே பிறந்துச்சு, அதுல பிஹேவியர் பக்கம் மேரி கவர் ஜோன்ஸோட முயலும் சேர்ந்துக்கிச்சு.

ஒண்ணு நேர்மையா சொல்லிடணும். 2015ல வெளியான ஒரு பெரிய கூட்டு முயற்சியில நூறு ஆய்வை எடுத்து திரும்ப செஞ்சாங்க, மூலத்துல 97 சதவீதத்துல புள்ளிவிவரப்படி விளைவு இருக்குன்னு ரிசல்ட், திரும்ப செஞ்சப்போ 36 சதவீதத்துலதான் அப்படி வந்துச்சு. இது தெரிஞ்சு நிறைய பசங்க மனசு விட்டுடுறாங்க. எனக்கு அப்படி தோணல, தன் வீட்டை தானே கூட்டிப் பார்த்து குப்பையை வெளிய காட்டின துறை இது, முன்கூட்டியே என்ன பண்ணப்போறோம்னு பதிவு பண்ணி வைக்கிற பழக்கம் அதுக்கப்புறம்தான் பரவுச்சு.

கிளினிக்கல் போகணும்னு இருந்தா இப்பவே தெரிஞ்சுக்கோங்க, சைக்கியாட்ரிஸ்ட்ங்கிறவர் எம்பிபிஎஸ் முடிச்சு மேல படிச்ச டாக்டர், மருந்து எழுதுவாரு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுன்னு போர்டு வைக்க எம்எஸ்சி மட்டும் பத்தாது, ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகாரம் உள்ள கோர்ஸ் முடிச்சு ரிஜிஸ்டர் பண்ணணும், அந்த விதிகள் மாறிக்கிட்டே இருக்கிறதால சேர்றதுக்கு முன்னாடி அவங்க லிஸ்ட்ல காலேஜ் பேர் இருக்கான்னு நேரா பார்த்துடுங்க.

அடுத்த ப்ராக்டிகல்ல மிரர் டிராயிங் வந்தா சீனியர் ரெக்கார்டை பார்த்து "சப்ஜெக்ட் ஆர்வமாக இருந்தார்"னு இன்ட்ரோஸ்பெக்டிவ் ரிப்போர்ட்ல எழுதாதீங்க. பத்தாவது ட்ரயல் முடிஞ்சதும் அவரை கேளுங்க, எப்படி சரியா வந்துச்சு, என்ன மாத்தினீங்கன்னு. பெரும்பாலும் தெரியல, கை தானா போச்சும்பாங்க. அதை அவங்க வார்த்தையிலயே எழுதி, பக்கத்துல தப்பு எத்தனையில இருந்து எத்தனைக்கு குறைஞ்சுதுன்னு போடுங்க, எக்ஸ்டர்னல் ஏன் இப்படி எழுதியிருக்கீங்கன்னு கேட்டா வ்யூர்ட்ஸ்பர்க்ல அந்த வெயிட் தூக்கினவங்க கதையில இருந்து ஆரம்பிச்சு சொல்லுங்க.